பின்சீட்டுப் பொம்மை

ஆகஸ்ட் 23, சனி

இன்றைக்கும் வண்டிப் பேச்சுதான். என் பையன் சென்னியப்பன் பிக்கப் வண்டி வாங்கியே தீருவேன் என்று நிற்கிறான். நம்மூரில் தக்காளி ஏற்றிக்கொண்டு போகுமே, அந்த மாதிரிச் சின்ன வண்டி இல்லை. முன்னால் நாலு கதவு, பின்னால் சாமான் போடத் தொட்டி, ஏறுவதற்கே தனியாக ஒரு படி. இந்த டெக்சஸில் வீட்டுக்கு வீடு அது ஒன்று நிற்கிறது. மருமகள் கோகிலவாணி வேண்டாம் என்கிறாள். அவன் வேணும் என்றால் அவள் வேண்டாம் என்பாள், அது கல்யாணத்துக்குச் சேலை எடுத்த நாளிலிருந்து எனக்குத் தெரியும்.

சாயங்காலம் டிவியில் ஒரு படம் போட்டுக் காட்டினாள். புது வண்டிகளைக் கொண்டுபோய் வேணுமென்றே மோதிப் பார்ப்பார்களாம். உள்ளே ஆளுக்குப் பதிலாகப் பொம்மை. கோகிலாவுக்கு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை, அங்கே இதையெல்லாம் பார்ப்பார்கள் போல.

"முன்னால ஒக்கார்றவங்களுக்கு நல்லாத்தான் இருக்குதுங்க. பின்சீட்டுல பொம்மை வெச்சு மோதினதுல இந்த வண்டி மோசம்னு போட்டிருக்காங்க" என்றாள்.

"அஞ்சு ஸ்டார் வாங்குன வண்டி இது" என்றான் அவன்.

"அந்த ஸ்டாரு குடுத்தவங்க பின்னால பொம்மை வெச்சு நேரா மோதிப் பாக்கல. நீங்க ஸ்டியரிங் பிடிச்சு ஒக்காந்துக்குவீங்க. பின்னால ஆரு ஒக்காருவா?"

அடுப்பில் வடை இருக்கிறது என்று நான் எழுந்து வந்துவிட்டேன். பொம்மை முட்டிக்கொள்வதைப் பார்க்கவா ஏரோப்ளேன் ஏறி வந்தேன்.

அடுப்பில் வடை ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மிளகாய் காயவைத்தேன். அணில் வந்து மோந்து பார்த்துவிட்டு ஓடியது. இந்த ஊர் அணிலுக்கு முதுகில் கோடு கிடையாது.

சென்னி பழைய காரைக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன்.

"உங்கப்பன் அம்பாசடர் வாங்குனப்ப என்னையக் கேட்டாரா? வாசல்ல கொண்டாந்து நிறுத்திப்போட்டு, ஆரத்தி கரைச்சு எடுத்துட்டு வான்னாரு."

"அது அந்தக் காலம்மா" என்று சிரித்தான்.

"இந்தக் காலத்துல என்ன? சம்பந்தியம்மா வந்து கையெழுத்துப் போடோணுமா?"

அவன் சிரிப்பு நின்றது. அது போதும் என்று உள்ளே வந்துவிட்டேன்.

அந்த அம்பாசடரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. முன்சீட்டில் என் மாமியார்தான். கோயிலுக்கு, சொந்தம் ஒறம்பரை வீட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, எங்கே போனாலும் அந்தம்மா முன்னால். நான் பின்னால், மடியில் ஒரு பிள்ளை, காலடியில் பருத்திக்கொட்டை மூட்டை. என் பிரசவ வலிக்குப் போனபோதும் அந்தம்மாதான் முன்னால் உட்கார்ந்து வழி சொன்னது, என்னமோ அந்தம்மாவுக்கு வலி எடுத்த மாதிரி. அந்தம்மா செத்த வருசமே வண்டியையும் விற்றாயிற்று. முன்சீட்டு எப்படி இருக்கும் என்று நான் பார்க்கவே இல்லை.

ஆகஸ்ட் 30, சனி

வந்துவிட்டது! கரும்பச்சை. யானையைக் கொட்டிலில் கட்டினால் எப்படி இருக்குமோ அப்படி வீட்டை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

எலுமிச்சம்பழம் நான்தான் வைத்தேன். இங்கே பச்சையாகக் கொட்டை இல்லாமல் ஒன்று விற்கிறான், அதுதான் கிடைத்தது. சூடம் காட்டும்போது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் எட்டிப் பார்த்து, தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டானாம்.

முதல் சவாரிக்கு நான் பின்கதவிடம் போய் நின்றேன். வேணுமென்றுதான் நின்றேன், இவர்கள் என்ன செய்கிறார்கள் பார்ப்போம் என்று. கோகிலாவே வந்து முன்கதவைத் திறந்தாள்.

"அத்தை, நீங்க முன்னால ஏறுங்க."

பதினாறு வருசத்தில் அவளாகக் கொடுத்த மரியாதை இது ஒன்றுதான். இதில் என்ன சூது இருக்கிறதோ என்று யோசித்துக்கொண்டே ஏறினேன். ஏறின பிறகு யோசிக்கத் தோன்றவில்லை. அத்தனை உசரம். ரோட்டில் போகிற கார்கள் எல்லாம் கோழிக்குஞ்சு மாதிரி ஒதுங்கின. என் பையன் பக்கத்தில் நான். பின்னால் அவள். பேத்தி அமுதினி வரவில்லை, பரிட்சைக்குப் படிக்கட்டும் என்று கோகிலா சொல்லிவிட்டாள்.

செப்டம்பர் 3, புதன்

இந்த ஊர் முருங்கைக்காய் வெறும் நார். வேறு விசேசம் இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

பரிட்சையும் இல்லை ஒன்றும் இல்லை. இந்த வண்டி வந்ததிலிருந்து அமுதினி ஒரு தடவைகூட அதில் ஏறவில்லை. பள்ளிக்கூடம், பாட்டு வகுப்பு எல்லாம் கோகிலாவின் குட்டிக் காரில்தான். பிள்ளையையே கேட்டேன்.

"அம்மா நோ சொல்லிட்டாங்க அப்பத்தா. நான் டிரக்ல பின்னால ஒக்காரக் கூடாது. நான் டம்மி சைஸ்."

"ஆரு உன்னைய டம்மின்னு சொன்னது?"

விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ, திட்டு இல்ல. மோதிப் பாக்கற டால். பின்சீட்ல வெக்கறது சின்ன லேடி சைஸ் இருக்கும். அம்மா ஹைட். என் ஹைட். வாங்க, உங்களையும் பாக்கலாம்."

பிரிட்ஜில் முதுகை ஒட்டி நிறுத்திக் கையை வைத்துப் பார்த்தாள். மூன்று பேரும் ஒரே உசரம்தானாம். எனக்கு வயசில் இன்னும் கொஞ்சம் இருந்தது, இப்போது கூன் எடுத்துக்கொண்டது.

அப்பன் வாங்கின வண்டியில் மகள் ஏறக் கூடாதாம். இதைவிட என் பையனை ஒருத்தி எப்படி அவமானப்படுத்த முடியும்? அவனும் வாயைத் திறக்காமல் இருக்கிறான். நான் அவனுக்கும் சேர்த்துக் கோபப்படுகிறேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

நாளைக்குப் புரட்டாசிச் சனி. பெருமாள் கோயில் இங்கிருந்து ஒரு மணி நேரம்.

"நானும் அமுதினியும் என்ற கார்ல வர்றோமுங்க. நீங்களும் அவரும் அதுல வாங்க" என்றாள் கோகிலா, சாப்பிடும்போது.

"சாமி கும்பிடப் போற ஒரு குடும்பம் ரெண்டு வண்டியிலயா போகும்? எழவுக்குப் போறவங்கதான் அப்பிடிப் போவாங்க."

"அத்தை, அதுக்குக் காரணம்..."

"தெரியும். பொம்மை சொல்லிருச்சு."

தட்டைத் தள்ளி வைத்தேன். "நீங்க மூணு பேரும் ஒட்டுக்காப் போயிட்டு வாங்க. எனக்கு ரெண்டு இட்லி மூடி வெச்சுட்டுப் போனாப் போதும். நான் என்ன, நாளைக்கு ஊருக்குப் போறவதானே."

சென்னி என் தட்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "ஒரு நாளைக்குத்தானே கோகிலா."

அவள் எழுந்து கை கழுவப் போய்விட்டாள். எல்லாரும் ஒரே வண்டிதான்.

புளிசாதத்துக்கு எள் வறுத்துப் பொடித்து வைத்துவிட்டேன். மனசு நிறைந்து தூக்கம் வருகிறது.

செப்டம்பர் 29, திங்கள்

விபத்து ஆகிவிட்டது.

இடது கை மணிக்கட்டில்தான் எனக்குக் கட்டு, எழுத வருகிறது. கோயிலில் இருந்து திரும்பி வரும்போது. எதிரே வந்த கார் கோட்டைத் தாண்டி வந்தது. சென்னி வண்டியை ஒடித்தான். அவன் பக்கத்து முனையில் மோதிற்று. முகத்துக்கு நேரே வெள்ளையாகப் பை ஒன்று வெடித்து விரிந்தது, வாயெல்லாம் மாவு மாதிரி. அப்புறம் சத்தமே இல்லை.

சென்னிக்கு நெற்றியில் கீறல். எனக்கு மணிக்கட்டு. எனக்குப் பின்னால் இருந்த அமுதினிக்குத் தோளில் பெல்ட்டுத் தடம், கன்றிப்போய் இருக்கிறது, எலும்புக்கு ஒன்றும் இல்லை என்றார்கள்.

கோகிலா சென்னிக்குப் பின்னால் இருந்தாள். "வயிறு" என்று ஒரு சொல் சொன்னாள். பிறகு பேசவில்லை. இடுப்பில் இருக்க வேண்டிய பெல்ட்டு மேலே ஏறி வயிற்றை நெரித்துவிட்டதாம். குடல் கிழிந்து, விலா எலும்பும் போய். அன்றைக்கே வயிற்றைத் திறந்து தைத்தார்கள். இன்னும் கண் திறக்கவில்லை.

அவளாகத்தான் அந்தப் பக்கம் ஏறினாள். யாரும் சொல்லவில்லை.

அக்டோபர் 1, புதன்

மறுபடி ஆபரேசன். ரசம் வைத்தேன். ஆறிப்போய் அப்படியே இருக்கிறது.

சம்பந்தியம்மா சரோஜினி ஊரிலிருந்து போன் போட்டாள். அவளுக்கு விசா இல்லை, கேட்டால் அடுத்த வருசத்துக்குத் தேதி கொடுக்கிறார்களாம். "நான் வர முடியாதுங்க. அவளுக்கு இப்ப ஆத்தாளும் நீங்கதானுங்க" என்று கதறி அழுதாள்.

கல்யாணத்தன்று என்னை, மாப்பிள்ளையைப் பெற்றவளை, வேனில் கடைசியில் பூக்கூடைகளோடு உட்காரவைத்தவள் இவள். அரக்குச் சேலை கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்து திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்தாள். ஒருநாள் இவள் என் முன்னால் அழுவாள் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அழுதுவிட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அவ எங்கீங்க ஒக்காந்திருந்தா?" என்றாள் சரோஜினி.

"பின்னாலங்க."

"நீங்க?"

"சரியாக் கேக்க மாட்டீங்குதுங்க" என்று போனை வைத்துவிட்டேன். நன்றாகத்தான் கேட்டது.

அக்டோபர் 6, திங்கள்

கோகிலா கண் திறந்தாள். அமுதினியின் கையைத்தான் முதலில் தேடினாளாம். என்னை உள்ளே விட்டபோது மறுபடி தூங்கியிருந்தாள். அல்லது கண்ணை மூடியிருந்தாள்.

சென்னி நொறுங்கின வண்டியை எங்கேயோ போய்ப் பார்த்துப் படம் எடுத்து வந்தான். மூக்கு மொத்தமும் போய்விட்டது. ஆனால் நாங்கள் உட்கார்ந்திருந்த கூண்டு அப்படியே இருக்கிறது. கதவுகூடத் திறக்கிறது.

"பாரும்மா. கலையவே இல்ல. வேற வண்டியா இருந்திருந்தா நாம நாலு பேரும் போயிருப்போம். நம்மளைக் காப்பாத்துன வண்டிம்மா இது."

ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் அந்தப் படத்தை நீட்டுகிறான். கோகிலாவின் ஆபீஸ்காரி ஒருத்தி படத்தை வாங்கிப் பின்சீட்டைத் தேடிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஆமாம், காப்பாத்துச்சு" என்று நான்தான் சொன்னேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

துணி மடித்தோம், நானும் அமுதினியும். பிள்ளை என்னோடு பேச்சை விட்டு நாளாகிறது. கேட்டால் ஆமாம், இல்லை, அவ்வளவுதான்.

"ஏங் கண்ணு, அப்பத்தாகிட்டப் பேச மாட்டீங்கறே?"

மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள்.

"அம்மா உங்ககிட்டக் கேட்டாங்க."

"என்ன கேட்டா?"

"கோயில் பார்க்கிங்ல. அமுதினி முன்னால ஒக்காரட்டும் அத்தை, நாம ரெண்டு பேரும் பின்னால போலாம்னு. நான் பக்கத்துலதான் நின்னேன். நீங்க என்ன சொன்னீங்க?"

துண்டை எடுத்தேன். ஓரம் ஓரத்தோடு சேரவில்லை.

"சொல்லுங்க. யாரு எந்த வருசம் என்ன கலர் சேலை கட்டியிருந்தாங்கன்னு எல்லாம் சொல்லுவீங்கல்ல."

"மறந்துபோச்சு சாமி" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய்விட்டாள். காலுறைகள் எல்லாம் ஜோடி சேராமல் கிடந்தன. சேர்த்துவைத்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் காய்ச்சவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

கோகிலாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். கீழே இருக்கிற என் ரூமை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் மாடிக்குப் போய்விட்டேன். ஏறி இறங்க முழங்கால் கத்துகிறது. கத்தட்டும்.

பாதியாகிவிட்டாள். குடல் ஆறுகிற வரைக்கும் வயிற்றில் ஒரு பை ஒட்டியிருக்கிறார்கள். மலம் அதில்தான் வரும், எடுத்துச் சுத்தம் பண்ணி மாற்ற வேண்டும். கஞ்சி வாங்கிக்கொள்கிறாள், தலை சீவ விடுகிறாள். அந்தப் பையை மட்டும் என்னைத் தொட விடவில்லை.

"கன்னு போட்ட எருமைக்கு நஞ்சுக்கொடி எடுத்த கை இது. எனக்கு அருவருப்பெல்லாம் கெடையாது, குடு" என்றேன்.

"எனக்கு இருக்குதுங்க அத்தை" என்றாள்.

கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே மூச்சைப் பிடித்துப் பிடித்து அவளே பண்ணிக்கொள்கிற சத்தம் கேட்டது.

நவம்பர் 1, சனி

இன்சூரன்ஸில் எல்லாம் முடிந்துவிட்டதாம். சென்னி கோகிலாவின் கட்டில் ஓரமாக உட்கார்ந்து சொன்னான், அதே வண்டியைப் புதுசாக எடுக்கப் போகிறானாம். அடுத்த சனிக்கிழமை போய்ச் சொல்லிவிட்டு வருவானாம்.

"நம்மளைக் காப்பாத்துன வண்டி. இனி வேற எதுலயும் எனக்கு நம்பிக்கை வராது."

கோகிலா செவுத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இனி நானும் கார் ஓட்ட ஆறு மாசம் ஆகும். அமுதினியும் அதுலதானே போகோணும்?" என்று செவுத்தைக் கேட்டாள்.

"நான் பாத்து ஓட்டறேன்."

"அன்னிக்கும் நீங்க பாத்துத்தான் ஓட்டுனீங்க."

அதற்குமேல் பேச அவளுக்குத் தெம்பில்லை. அவன், நீயாச்சும் சொல்லும்மா என்கிற மாதிரி என்னைப் பார்த்தான். இத்தனை நாள் அப்படிப் பார்த்தபோதெல்லாம் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு எழுந்து வந்துவிட்டேன்.

அமுதினியின் ரூமுக்குப் போனேன். "அந்தப் பொம்மைப் படத்தைப் போட்டுக் காட்டு."

"அன்னைக்கு நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்க."

"போடு சாமி."

மெதுவாக ஓடுகிற மாதிரி எடுத்திருக்கிறார்கள். வண்டி வந்து மோதுகிறது. முன்னால் இருக்கிற பொம்மை பையில் முகத்தைப் புதைத்து எழுந்துகொள்கிறது. கண்ணாடித் தூள் மழை மாதிரி விழுகிறது. பின்னால் இருக்கிறது சின்னப் பொம்மை, ஒடிசலாக. எங்கே இடிக்கிறது என்று தெரிவதற்காக முகத்தில் சாயம் பூசியிருக்கிறார்கள். பெல்ட்டு அதன் இடுப்பில்தான் இருக்கிறது. மோதினதும் உடம்பு வழுக்கிக்கொண்டு கீழே போகிறது, பெல்ட்டு மேலே ஏறி வயிற்றுக்குள் இறங்குகிறது. தலை முன்னால் தொங்கிப்போகிறது. பொம்மை என்பதால் கத்தவில்லை. கோகிலாவும் கத்தவில்லை.

இன்னொரு தடவை போடச் சொன்னேன். அதே இடம்.

முதல்நாள் அவள் எனக்கு முன்கதவைத் திறந்துவிட்டது இதைப் பார்த்துவிட்டுத்தான். மரியாதை என்று நினைத்தேன். சூதோ என்றும் நினைத்தேன். ரெண்டும் இல்லை.

"போதுமா அப்பத்தா?" என்றாள் பிள்ளை. என்னோடு சேர்ந்து அவளும் அழுதிருக்கிறாள், அப்போதுதான் பார்த்தேன்.

நவம்பர் 8, சனி

நானும் வருகிறேன் என்றதும் சென்னிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வாம்மா, கலர் நீயே சொல்லு."

வண்டி விற்கிற இடம் சந்தைத் திடல் மாதிரி. வரிசையாக நிற்கின்றன. தொப்பி போட்ட ஒரு பையன் கும்பிடு போட்டு வரவேற்றான், யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போல. அதே வண்டிதான், இந்தத் தடவை வெள்ளை. கதவைத் திறந்து முன்சீட்டைத் தட்டிக் காட்டினான் சென்னி.

நான் பின்கதவைத் திறந்து ஏறி, ஓட்டுகிறவனுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். பெல்ட்டைப் போட்டேன்.

தொப்பிக்காரன் சிரித்துக்கொண்டே என்னமோ சொன்னான்.

"உனக்கு வண்டி புடிச்சிருச்சாம்" என்றான் சென்னி. "முன்னால வந்து ஒக்காரும்மா."

"இங்கயே இருக்கறேன். நீ ஏறி, இதைக் கொண்டுபோயி அந்தச் செவுத்துல முட்டு."

"என்னது?"

"மோதிப் பாக்கறதுக்குப் பொம்மையை எதுக்குத் தேடறாங்க? அந்த ஒசரந்தானே நானு. என்னைய வெச்சு முட்டிப் பாரு. நான் முழுசா எறங்கி நடந்தேன்னா வாங்கிக்க. நாளையிலிருந்து இந்த எடத்துல உம்பட மகதான் ஒக்காரப் போறா."

"அம்மா, எறங்கு. ஆளுக பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"நம்மளைக் காப்பாத்துன வண்டிம்மா இது!"

"நம்மளைத்தான். உன்னையும் என்னையும்."

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். தொப்பிக்காரன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல், தண்ணி கொண்டுவருகிறேன் என்கிற மாதிரிச் சைகை காட்டிவிட்டு நகர்ந்துவிட்டான்.

"அவ புள்ளைக்குத்தான் முன்சீட்டைக் கேட்டா" என்றேன். "எல்லாருக்கும் முன்னால, கோயில்ல வண்டி நிறுத்தற எடத்துல வெச்சு, தன்மையாத்தான் கேட்டா. 'பெரியவ நான் உசுரோட இருக்கறப்ப உம்மகளுக்கு என்ன முன்சீட்டு'ன்னு கேட்டுப்போட்டு, ஏறி ஒக்காந்த எடத்தை விட்டு நான் எந்திரிக்கல. அவ புள்ளையை என்ற பின்னால ஏத்தி விட்டா. எதுக்க வண்டி வர்ற பக்கத்தை அவ எடுத்துக்கிட்டா. உனக்குத் தெரியாது, நீ அக்கட்டால, ஓட்டற பக்கம் ஏறிக்கிட்டு இருந்தே."

அவன் சுற்றிக்கொண்டு வந்து ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்தான். எனக்கு அவன் பிடரி மட்டும்தான் தெரிந்தது. முன்சீட்டில் இருப்பவன் முகம் பின்னால் இருப்பவளுக்குத் தெரியாது.

"எனக்கும் கேட்டுச்சும்மா" என்றான்.

நெஞ்சுக்குக் குறுக்கே இருந்த பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அவ கேட்டதும் கேட்டுச்சு, நீ சொன்னதும் கேட்டுச்சு. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ எந்திரிச்சிருப்பே. உன்னைய எதுத்துப் பேசோணுமேன்னு வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டேன்."

ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். ஐந்து வயசில் அம்மை போட்டுக் கிடந்தபோது அவன் முதுகு எப்படி ஏறி இறங்கியதோ அப்படி ஏறி இறங்கியது. கை நீட்டினால் தொடலாம். பெல்ட்டு விடவில்லை, அதை எப்படிக் கழற்றுவது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

வாங்காமல் வந்துவிட்டோம். தொப்பிக்காரன் வாசல் வரைக்கும் வந்து என்னிடம் தண்ணி பாட்டிலைக் கொடுத்தான், பாவம்.

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் சென்னியும் அமுதினியும் மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எந்த வண்டியின் பின்சீட்டுக்கு நல்லதாகப் போட்டிருக்கிறார்கள் என்று பிள்ளை படிக்கப் படிக்க அவன் கேட்டுக்கொண்டிருந்தான். என்னிடம் அவன் பேசவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. என் முகத்தைப் பார்த்தால் அவனுக்கு அவன் முகம் தெரிகிறது போல.

கோகிலாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். எழுந்து சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அந்த வண்டி வாங்கல."

"சொன்னாருங்க."

பாதிக் கஞ்சி குடிக்கிற வரைக்கும் நின்றேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிக்கு நீ கேட்டப்ப நான் எந்திரிச்சிருக்கோணும் கோகிலா."

"ஆமாங்க" என்றாள்.

விடுங்க அத்தை, போனது போகட்டும் என்பாள் என்று நினைத்தேன். அப்படித்தான் சொல்வாள் என்று நம்பிக்கொண்டுதான் மாடியிலிருந்து இறங்கி வந்திருக்கிறேன், நின்றபோதுதான் அது தெரிந்தது. அவள் சொல்லவில்லை. மிச்சக் கஞ்சியைக் குடித்தாள். துண்டால் வாயைத் துடைத்தாள்.

"நான் இதை மறக்க மாட்டனுங்க அத்தை."

கோபமாகச் சொல்லவில்லை. கஞ்சியில் உப்புக் கொஞ்சம் குறைச்சல் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"மறக்காதே" என்றேன்.

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வந்து கழுவிக் கவிழ்த்துவைத்தேன்.